மேய்ன் மாநில இரண்டாம் தொகுதி: ஆளுக்கு விழுந்த வாக்கும் கேள்விக்கு விழுந்த வாக்கும்

ஏரிக்கரையான் எழுதியது:

அமெரிக்கத் தேர்தல் என்றாலே நம் பேச்சு பென்சில்வேனியா, மிச்சிகன் என்று நாலைந்து மாநிலங்களைச் சுற்றியே நின்றுவிடுகிறது. நான் சில வாரங்களாக வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தின் இரண்டாம் தொகுதியை ஊர் ஊராகக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாநிலத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் இரண்டே இடங்கள். போர்ட்லண்டும் தெற்குக் கடற்கரையும் முதல் தொகுதி. மாநிலப் பரப்பில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை வளைத்துக்கொண்டிருப்பது இரண்டாம் தொகுதி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிடப் பரந்த தொகுதி கிடையாது. லூயிஸ்டன், பாங்கர் என இரண்டு நடுத்தர நகரங்கள், அரூஸ்டுக் கவுன்ட்டியின் உருளைக்கிழங்கு வயல்கள், மூடப்பட்ட காகித ஆலைகள், மீதமெல்லாம் காடு.

2012இல் ஒபாமாவை எட்டுப் புள்ளிக்கு மேல் முன்னிறுத்திய இத்தொகுதி 2016இல் டிரம்ப்பைப் பத்துப் புள்ளி முன்னிறுத்தியது. மேய்ன், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தன் நான்கு தேர்வாளர் வாக்குகளில் இரண்டைத் தொகுதிவாரியாகப் பிரித்துத் தரும் மாநிலமாதலால், அந்த ஆண்டு ஒரு வாக்கு தனியே பிரிந்து டிரம்ப்புக்குப் போயிற்று. 1828க்குப் பிறகு மேய்னின் வாக்குகள் இப்படிப் பிரிந்தது அதுவே முதல்முறை.

அதே நாள், அதே வாக்குச்சாவடி, அதே மக்கள் குடிமக்களே கொண்டுவந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை சொன்னார்கள். குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிச் சட்ட முன்வரைவை நேராக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை 1908 முதல் அங்கே இருக்கிறது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் கேள்வி 1 சுமார் நாலாயிரம் வாக்கில் நூலிழையில் தேறியது. இரண்டு லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குப் பள்ளிக்கல்விக்கென மூன்று சதவீதக் கூடுதல் வரி விதிக்கும் கேள்வி 2ம் அப்படித்தான், 50.6 சதவீதம். தனியார் துப்பாக்கி விற்பனையிலும் பின்னணிச் சோதனை வேண்டும் என்ற கேள்வி 3 மட்டும் தோற்றது. குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக 12 டாலராக்கும் கேள்வி 4க்கு 55 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையைக் கொண்டுவரும் கேள்வி 5 ஏறக்குறைய 52 சதவீதத்துடன் நிறைவேறியது. இவையெல்லாம் மாநில அளவுக் கணக்கு. ஊர்வாரிப் பட்டியலைப் பிரித்தால் கேள்வி 5ஐத் தூக்கி நிறுத்தியது போர்ட்லண்ட் இருக்கும் கம்பர்லண்ட் கவுன்ட்டி என்பதும், வடக்கில் அரூஸ்டுக் போன்ற கவுன்ட்டிகள் அதை மறுத்தன என்பதும் பளிச்சென்று தெரிகிறது.

எனக்குள்ள கேள்வி இதுதான். கட்சி பார்த்து வாக்களிக்கும் மக்கள் என்றால் கேள்விகளுக்கான விடையும் கட்சிக் கோட்டை ஒட்டியே போகவேண்டும். இங்கே ஏன் அப்படிப் போகவில்லை? வரிசை வாக்குமுறையை விரும்பாத இந்தத் தொகுதியின் சொந்த உறுப்பினரையே இரண்டாண்டு கழித்து அந்த முறைதான் தேர்ந்தெடுத்தது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

---

பாங்கர்வாசி எழுதியது:

நான் இந்தத் தொகுதியில்தான் குடியிருக்கிறேன், குடியுரிமை பெற்றபின் முதல் முறையாக வாக்களித்ததும் 2018 நவம்பரில்தான். ஆகவே தாள் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைக் கணக்குத் தெரிந்தவர்கள் பேசட்டும்.

செனட்டருக்கும் கீழவை உறுப்பினருக்கும் கட்டம் கட்டமாக இருக்கும். இடப்பக்கம் வேட்பாளர் பெயர்கள் கீழ்நோக்கி, மேலே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று நெடுவரிசைகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு முட்டை வடிவ வட்டம். ஆளுநர் தேர்தலுக்கு வந்தால் பழையபடி ஒரு பெயர், ஒரு வட்டம், அவ்வளவுதான். அதன்பிறகு கேள்விகள்: ஆம், இல்லை. ஒரே மேசையில், ஒரே பேனாவால், ஐந்து நிமிடத்துக்குள் மூன்று விதமாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. எனக்குப் பக்கத்துத் தடுப்பில் நின்ற முதியவர் உதவியாளரைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரே ஆளைத்தான் பிடிக்கும், மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டால் என் வாக்கு செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் என்று அவர் பதில் சொன்னதும் முதியவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒரே வட்டத்தை அழுத்தி நிரப்பினார். அந்தக் கேள்வியின் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது அடுத்த வாரம் தலைநகர் அகஸ்டாவில் எண்ணிக்கை நடந்தபோதுதான்.

அன்று எங்களுக்கு முன் இருந்த கேள்வி 1, வீட்டிலேயே முதியோர் பராமரிப்பு தருவதற்காக உயர் வருமானத்தின்மீது வரி விதிக்கலாமா என்பது. மாநிலம் அதைப் பெரும்பான்மையோடு தள்ளுபடி செய்தது. அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் ஜேனட் மில்ஸ் ஆளுநரானார். எங்கள் தொகுதியிலோ பதவியிலிருந்த குடியரசுக் கட்சிக்காரர் தோற்றார். அந்த இடத்தில் பதவியிலிருப்பவர் தோற்றது 1916க்குப் பிறகு அதுவே முதல்முறையாம்.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

தோற்றார் என்று சொல்லாதீர்கள், தோற்கடிக்கப்பட்டார் என்று சொல்லுங்கள். முதல் எண்ணிக்கையில் ப்ரூஸ் பொலிக்வின் முன்னிலையில் இருந்தார். பிறகு மறுபடி எண்ணினார்கள், ஜனநாயகக் கட்சியின் ஜேரட் கோல்டன் வென்றார். எந்தத் தொகுதி அந்த முறையே வேண்டாம் என்றதோ அதே தொகுதியில் அதைப் போட்டு ஓர் இடத்தைப் பறித்தார்கள். சிலருக்கு ஒரு வாக்கு, சிலருக்கு இரண்டு வாக்கு என்பது எந்த ஊர் நியாயம்? நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை, இது எதிர்ப்பக்கம் நடந்திருந்தாலும் இதையே சொல்வேன்.

---

கணக்குப்புலி எழுதியது:

சந்தேகப்பேர்வழி ஐயா, உங்கள் கோபத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் சுட்டும் இடத்தில் இல்லை. எண்களை எடுத்து வைக்கிறேன்.

முதல் சுற்றில் பொலிக்வின் 1,34,184, கோல்டன் 1,32,013. சுயேச்சைகளான டிஃபனி பாண்ட் 16,552, வில்லியம் ஹோர் 6,875. மொத்தம் 2,89,624. யாருக்கும் பாதிக்குமேல் இல்லை. பொலிக்வின்னுக்கு 46.3 சதவீதம், கோல்டனுக்கு 45.6. கடைசி இருவரையும் ஒருசேர விலக்கி, அவர்களுடைய 23,427 தாள்களில் அடுத்த விருப்பம் எது என்று பார்த்தார்கள். 10,427 கோல்டனுக்கும் 4,747 பொலிக்வின்னுக்கும் போயின. இறுதியில் கோல்டன் 1,42,440, பொலிக்வின் 1,38,931. வித்தியாசம் 3,509.

"சிலருக்கு இரண்டு வாக்கு" என்பது சரியன்று. இரண்டாம் சுற்றிலும் ஒரு தாளுக்கு ஒரு வாக்குதான். பொலிக்வின்னை முதலில் குறித்தவரின் தாள் அந்தச் சுற்றிலும் அவருக்கே எண்ணப்பட்டது. ஆனால் இதைக் கவனியுங்கள்: 23,427இல் இடம் மாறியவை 15,174 மட்டுமே. மீதி 8,253 தாள்கள் எங்கும் போகவில்லை. சிலர் இரண்டாம் விருப்பமே குறிக்கவில்லை, சிலர் அடுத்தடுத்து இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டார்கள், சிலர் ஒரே நெடுவரிசையில் இரண்டு பேரைக் குறித்தார்கள். மேய்ன் சட்டப்படி இம்மூன்றிலும் தாள் அந்த இடத்தோடு ஓய்ந்துவிடுகிறது. ஆகவே கோல்டனின் 1,42,440 என்பது இறுதிச் சுற்றில் எஞ்சிய தாள்களில் 50.6 சதவீதம். முதல் சுற்றில் எண்ணப்பட்ட எல்லாத் தாள்களிலும் கணக்கிட்டால் 49.2 சதவீதம்தான். "பெரும்பான்மையை உறுதி செய்யும் முறை" என்று பிரசாரத்தில் சொல்லப்பட்டதை ஒருவர் குறை சொல்ல விரும்பினால், அந்த எட்டாயிரம் தாள்களைப் பிடித்துக்கொள்ளலாம். "பறித்தார்கள்" என்பதற்கு ஆதாரம் இல்லை.

மேய்ன் மாநிலச் செயலகம் இந்தப் போட்டியின் ஒவ்வொரு தாளையும் ஒரு வரியாக எக்செல் கோப்புகளில் வெளியிட்டிருக்கிறது. வாக்காளர் பெயர் இருக்காது, ஊரும் விருப்ப வரிசையும் இருக்கும். ஒரு மாலை முழுக்க அவற்றை உருட்டிக்கொண்டிருந்தேன். பாண்ட், பிறகு கோல்டன், பிறகு ஹோர் என்று ஒழுங்காக இறங்கும் வரிகள் உண்டு. ஒரே பெயரை எல்லா நெடுவரிசையிலும் திரும்பத் திரும்ப அழுத்தியவர்களும் உண்டு. முதல் நெடுவரிசையில் ஒரு பெயரும் அதன்பின் வெறும் "குறிக்கப்படவில்லை" என்ற சொல்லுமாக நீளும் வரிகளுக்குக் குறைவே இல்லை. பாங்கர்வாசி பார்த்த முதியவர் அந்த வரிகளில் எங்கோ ஒன்றாக இருக்கிறார்.

---

வடமராட்சியாள் எழுதியது:

இலங்கைக்காரர்களுக்கு இந்த முறை புதிதன்று. சனாதிபதித் தேர்தலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கைக்குப் போக நேர்ந்தது. அனுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம், மற்ற எல்லோரும் ஒரேயடியாக நீக்கம். நீக்கப்பட்ட வேட்பாளர்களின் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் இந்த இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. முடிவு மாறவில்லை.

மேய்னில் மூன்றில் இரண்டு பங்கு தாள் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறது என்று கணக்குப்புலி அண்ணா சொல்வதைப் படித்ததும் எனக்கு அதுதான் வியப்பாக இருந்தது. எங்கள் பக்கம் அம்மாவிடம் கேட்டால், "ஒரு புள்ளடி (× குறி) போட்டால் போதும் பிள்ளை, இரண்டாவது போடப் போய் வாக்கு பழுதாகிவிடும்" என்றுதான் சொல்லுவா. புள்ளடியும் போடலாம், இலக்கமும் போடலாம் என்று இரண்டு வழியைத் திறந்துவிட்டால் சனம் பழகிய வழியில்தான் போகும். மேய்னில் கட்டமே "இரண்டாம் விருப்பம் எது?" என்று கண்ணுக்கு முன்னால் நின்று கேட்கிறது. தாளின் அமைப்பு இந்த அளவுக்கு வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

---

சட்டப்பார்வை எழுதியது:

இழை தொடங்கியவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வரலாற்றுப் பக்கமாக விடை தேடலாம் என்று நினைக்கிறேன், சற்று நீளும்.

மேய்னில் ஒரு காலத்தில் ஆளுநராக வேண்டுமானால் பாதிக்குமேல் வாக்கு வேண்டும், இல்லாவிட்டால் முடிவு சட்டமன்றத்தின் கையில். 1879 தேர்தலில் அப்படி யாருக்கும் கிடைக்காமல், வாக்குச் சீட்டுகளின் செல்லுபடியைப் பற்றிய சண்டையும் சேர்ந்து, இரண்டு சட்டமன்றங்கள் போட்டிக்கு உட்கார்ந்து, ஆயுதம் ஏந்திய கூட்டங்கள் அகஸ்டாவில் திரண்டன. உள்நாட்டுப் போரின் தளபதி ஜோஷுவா சேம்பர்லின் மாநிலப் படைக்குப் பொறுப்பேற்றுப் பன்னிரண்டு நாள் அமைதி காத்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள், 1880இலேயே, அதிக வாக்கு பெற்றவரே ஆளுநர் என்று அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் விளைவாகத்தான் 2010இல் ஐந்து பேர் போட்டியிட்ட தேர்தலில் 38 சதவீதத்துக்கும் குறைவான வாக்குடன் பால் லெபாஜ் ஆளுநரானார். கேள்வி 5க்குக் கையெழுத்துச் சேர்த்தவர்களுக்கு மனத்தில் இருந்தது பெரும்பாலும் அந்தத் தேர்தல்தான்.

இங்கேதான் வேடிக்கை. 2017 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம், ஆளுநர் மற்றும் மாநிலச் சட்டமன்றப் பொதுத் தேர்தல்களுக்கு இந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்று ஒருமனதாகக் கருத்துரைத்தது. ஆளுநர் தேர்தலுக்காகக் கொண்டுவந்த சட்டம் ஆளுநர் தேர்தலுக்குப் பயன்படாமல் போயிற்று. எஞ்சியவை கட்சி உள்தேர்தல்களும், கூட்டாட்சிப் பதவிகளான செனட்டும் கீழவையும். அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றம் முறையையே ஒத்திவைத்து, அரசியலமைப்பு திருத்தப்படாவிட்டால் தானே காலாவதியாகும்படி சட்டமியற்றியது. ஆதரவாளர்கள் மறுபடியும் கையெழுத்துத் திரட்டினார்கள். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மக்களே ரத்துசெய்யும் உரிமை அங்கே உண்டு, "மக்கள் தடையுரிமை" என்று சொல்லலாம். 2018 ஜூன் 12 அன்று மாநிலம் ஏறக்குறைய 54 சதவீதத்துடன் வரிசை வாக்குமுறையை மீட்டெடுத்தது. முறை வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட அதே நாளில் அதே முறையில்தான் உள்தேர்தலும் நடந்தது. கோல்டன் தம் கட்சியின் வேட்பாளரானதே அன்று வரிசை எண்ணிக்கையில்தான்.

ஆகவே, "தொகுதி மறுத்ததைத் தொகுதியின்மேல் திணித்தார்கள்" என்பது அரை உண்மை. முறை மாநிலச் சட்டம். மாநிலம் இரண்டு முறை அதற்கு ஆம் சொல்லியிருக்கிறது. தெற்கின் மக்கள்தொகை வடக்கைவிட ஒரு கேள்வியில் கனமாக இருந்தது, அவ்வளவே. தொகுதி என்பது ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அலகு. கேள்விகளைப் பொறுத்தவரை அது வெறும் கோடு.

நீதிமன்றக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை முடிவதற்கு முன்பே பொலிக்வின் வழக்குத் தொடுத்தார். நீதிபதி லான்ஸ் வாக்கர், டிரம்ப்பால் நியமிக்கப்பட்டவர், எண்ணிக்கையை நிறுத்த மறுத்தார். டிசம்பர் 13 அன்று வழக்கையே தள்ளுபடி செய்தார். கூட்டாட்சி அரசியலமைப்பு "முதல் எண்ணிக்கையில் முந்தியவரே வெற்றியாளர்" என்று எங்கும் கட்டளையிடவில்லை என்பது தீர்ப்பின் சாரம். பொலிக்வின் மறு எண்ணிக்கையையும் மேல்முறையீட்டையும் கைவிட்டார். ஆண்டு முடியும் தறுவாயில் ஆளுநர் லெபாஜ் கோல்டனின் தேர்தல் சான்றிதழில் ஒப்பமிட்டு, ஒப்பத்துக்குப் பக்கத்திலேயே "திருடப்பட்ட தேர்தல்" என்று கையால் எழுதி அனுப்பினார்.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

"வெறும் கோடு" என்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் அதை அப்படி உணர்வதில்லை. போர்ட்லண்ட் மக்கள் முடிவெடுக்க, வடக்கிலுள்ள மில்லினாக்கெட் மக்கள் அனுபவிப்பது என்ற வருத்தம் அங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது.

---

ஏரிக்கரையான் எழுதியது:

அந்த வருத்தம் உண்மை. ஆனால் எல்லாக் கேள்வியிலும் வடக்கு தெற்குக்கு எதிராக நிற்கவில்லை என்பதைத்தான் என் கூட்டல் காட்டுகிறது. 2021 நவம்பரின் கேள்வி 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கியூபெக்கின் நீர்மின்சாரத்தை மேய்னின் மேற்குக் காடுகள் வழியே சுமார் 145 மைல் நீளக் கம்பியில் லூயிஸ்டன்வரை கொண்டுவந்து, மாசசூசெட்ஸுக்குத் தரும் திட்டம். பாதை முழுவதும் இரண்டாம் தொகுதிக்குள். இரு தரப்பும் சேர்ந்து தொண்ணூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்த பிரசாரம் அது. திட்டத்தைத் தடைசெய்ய 59 சதவீதம் ஆம் என்றது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் காட்டில் வேட்டையாடுகிறவர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். கம்பி கடக்கும் ஊர்களில் எதிர்ப்பு மாநிலச் சராசரியைவிடக் கடுமை. அங்கே கட்சி நிறத்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. (பிறகு நீதிமன்றங்கள் கட்டுமான நிறுவனத்துக்கு ஏற்கனவே உரிமை பிறந்துவிட்டது என்று முடிவுசெய்து 2023இல் வேலை மறுபடி தொடங்கியது வேறு கதை.)

அதே நாளில் உணவைத் தானே விளைவிக்கவும் உண்ணவும் உள்ள உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் கேள்வி 3, ஏறக்குறைய 61 சதவீதத்துடன் தேறியது. அமெரிக்காவில் அப்படி ஒரு திருத்தம் அதுவே முதல். வீட்டுத் தோட்டமும் மான் வேட்டையும் வாழ்க்கையாக இருக்கும் ஊர்களில் அந்தக் கேள்வி கட்சியைத் தொடவே இல்லை. 2023இல் மின் நிறுவனங்களை வாங்கி மக்கள் உடைமையாக்கும் கேள்வி 3ஐ ஏறக்குறைய எழுபது சதவீதம் பேர் தள்ளினார்கள். அதே தாளில் வாகனத்தை எங்கே வேண்டுமானாலும் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்கான கேள்வி 4க்கு எண்பது சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. "பெரிய நிறுவனத்துக்கு எதிர்ப்பு" என்று ஒரே சொல்லில் அடக்க நினைத்தால் முதலாவது இடிக்கிறது, "அரசுத் தலையீட்டுக்கு எதிர்ப்பு" என்றால் இரண்டாவது இடிக்கிறது. என் கையிலுள்ள பழைய டிரக்கை என் ஊர்ப் பட்டறையில் சரிசெய்யலாமா என்பதும், என் மின்கட்டணம் கூடுமா என்பதும்தான் அவர்களுக்குக் கேள்வியாக இருந்திருக்கும்.

கூட்டும் வேலையின் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும், யாராவது என் கணக்கைச் சரிபார்க்க விரும்பினால் உதவும். கேள்விகளுக்கான முடிவு ஊர்வாரியாகத்தான் வெளியாகிறது, தொகுதிவாரியாகப் பார்க்க நாமே கூட்டவேண்டும். பெரும்பாலான கவுன்ட்டிகள் முழுதாக ஒரு தொகுதிக்குள் இருக்கும், கென்னபெக் மட்டும் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. 2021 எல்லை மறுவரையறையில் தலைநகர் அகஸ்டா இரண்டாம் தொகுதிக்கும் வாட்டர்வில் முதல் தொகுதிக்கும் இடம் மாறின. 2016ஐயும் 2022ஐயும் "இரண்டாம் தொகுதி" என்று ஒரே பெயரில் ஒப்பிட்டால் வேறு வேறு ஊர்களை ஒப்பிடுகிறோம். ஆட்சியமைப்பு இல்லாத காட்டு நகரியங்களின் வாக்குகள் பக்கத்து ஊரோடு சேர்ந்தோ தனி வரியாகவோ வரும். வெளிநாட்டிலும் படையிலும் இருப்பவர்களின் வாக்குகள் எந்த ஊரோடும் ஒட்டாமல் மாநிலத்துக்கே ஒரு வரியாகப் பட்டியலின் அடியில் கிடக்கின்றன. அவற்றை எந்தத் தொகுதியில் போடுவது? நான் விட்டுவிட்டேன். நெருக்கமான கேள்விகளில் அது பொருட்படுத்தத்தக்க பிழையாகலாம்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

2020 தேர்தல் முறைகேடு பற்றிய மூன்று பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே மேய்ன் பற்றி மட்டும் எழுதவும்.

---

பாங்கர்வாசி எழுதியது:

ஏரிக்கரையான் சார் சொன்ன டிரக் உதாரணம் எங்கள் தெருவுக்கே பொருந்தும். நான் சேர்க்க விரும்புவது கோல்டனைப் பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, டிரம்ப் ஏழு புள்ளி முன்னிலை பெற்ற 2020இல் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் எப்படி 53 சதவீதம் வாங்கினார் என்பது புதிராகத் தெரியும். இங்கே இருப்பவர்களுக்கு அப்படித் தெரியாது. அவர் கடற்படைத் தரைப்பிரிவில் ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் போய்வந்தவர், ஊர்க்காரர். டிரம்ப்புக்கு எதிரான முதல் பதவி நீக்கத் தீர்மானத்தில் ஒரு குற்றச்சாட்டுக்கு ஆம் என்றும் மற்றதற்கு இல்லை என்றும் வாக்களித்தவர். 2021 நவம்பரில் பைடனின் சமூகச் செலவின மசோதாவுக்கு எதிராக வாக்களித்த ஒரே கீழவை ஜனநாயகக் கட்சிக்காரர். கேள்விகளுக்கு ஒன்று ஒன்றாகப் பார்த்து விடைசொல்லும் தொகுதிக்கு, மசோதாக்களுக்கு ஒன்று ஒன்றாகப் பார்த்து விடைசொல்லும் உறுப்பினர் பிடித்துப்போனது எனக்கு விந்தையாகப் படவில்லை. அவருடைய எல்லா வாக்குகளும் எனக்கு உடன்பாடு என்று அர்த்தமில்லை, சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

துப்பாக்கிக் கேள்வியைத் தொடாமல் இந்த இழையை முடிக்க முடியாது. 2016இல் பின்னணிச் சோதனைக் கேள்வி தோற்றதற்கு எங்கள் தொகுதி முக்கியக் காரணம். இங்கே துப்பாக்கி என்பது நவம்பர் மாத மான் வேட்டை, தாத்தா விட்டுச்சென்ற பொருள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்றுவது. 2023 அக்டோபர் 25 இரவு லூயிஸ்டனில் பந்துருட்டு விளையாட்டு அரங்கிலும் மதுக்கூடத்திலும் பதினெட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் உடல் கண்டெடுக்கப்படும்வரை பள்ளிகள் மூடி, மக்கள் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாங்கரில் இருந்த எங்களுக்கே தொலைபேசி ஓயவில்லை. மறுநாள் கோல்டன், தாக்குதல் துப்பாக்கித் தடைக்கு எதிராகத் தாம் எடுத்த நிலை தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2025 நவம்பரில், ஆபத்தானவர் என்று குடும்பத்தாரே நீதிமன்றத்தில் முறையிட்டுத் துப்பாக்கியை வாங்கிவைக்க வழிசெய்யும் கேள்வி 2 மாநிலத்தில் அறுபது சதவீதத்துக்கும் மேல் ஆதரவுடன் நிறைவேறியது. 2016இன் கேள்வி 3 வேறு, இது வேறு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இடையில் நடந்ததை மறந்துவிட்டு இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட முடியாது.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

கோல்டன் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2024இல் அவர் ஆஸ்டின் தெரியோவை வென்றது சுமார் 2,700 வாக்கில்தானே, டிரம்ப் அங்கே ஒன்பது புள்ளி முன்னிலை. ஆளைப் பார்த்து வாக்களிப்பது ஒவ்வொரு தேர்தலிலும் தேய்ந்துகொண்டே வருகிறது. கேள்விகளில் மட்டும் கட்சியைக் கடந்து நிற்பார்கள் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? அந்த ஆண்டே பழைய மாநிலக் கொடியைத் திரும்பக் கொண்டுவரும் கேள்வி தோற்றது, ஆட்களின் கணக்குக்கும் கேள்விகளின் கணக்குக்கும் தொடர்பே இல்லை என்று காட்ட அது மட்டும் போதாது.

---

கணக்குப்புலி எழுதியது:

போதாதுதான். நாம் எல்லோரும் இந்த இழையில் ஒரு தவறைச் செய்துகொண்டிருக்கிறோம், நானும் சேர்த்து. ஓர் ஊரில் டிரம்ப்புக்கு அறுபது சதவீதமும் ஊதிய உயர்வுக்கு ஐம்பத்தைந்து சதவீதமும் விழுந்தால், குறைந்தது பதினைந்து சதவீதம் பேர் இரண்டுக்கும் வாக்களித்திருக்கவேண்டும் என்பது வெறும் கூட்டல். அதற்குமேல், "டிரம்ப் வாக்காளர்களில் இத்தனை பேர் ஊதிய உயர்வை ஆதரித்தார்கள்" என்று ஊர்வாரி எண்ணிலிருந்து சொல்ல முடியாது. அது பதினைந்தாகவும் இருக்கலாம், ஐம்பத்தைந்தாகவும் இருக்கலாம். ஒரே மனிதர் ஒரே தாளில் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

மேய்ன் தாள்வாரியாக வெளியிட்ட கோப்புகளில் அந்த இணைப்பு இல்லை. கீழவைப் போட்டியின் விருப்ப வரிசை மட்டும் இருக்கும், அதே கை கேள்விக்கு ஆம் என்றதா இல்லை என்றதா என்பது இருக்காது. பாண்ட் வாக்காளர்கள் கோல்டன் பக்கம் சாய்ந்தார்கள் என்று நான் திட்டவட்டமாகச் சொன்னேன், ஏனென்றால் அது தாளிலேயே இருக்கிறது. கேள்விகளைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். 2022இல் அதே பாண்ட் மூன்றாவதாகப் போட்டியிட, அதே பொலிக்வின்னை அதே கோல்டன் இறுதிச் சுற்றில் ஏறக்குறைய 53க்கு 47 என்று வென்றார். அந்த இரண்டு ஆண்டுக் கோப்புகளையும் ஊர்வாரியாக எதிரெதிரே வைத்தால், வரிசைப்படுத்தப் பழகினார்களா என்பதையாவது அளக்கலாம்: இரண்டாம் நெடுவரிசையை வெறுமையாக விட்ட தாள்களின் பங்கு எந்த ஊரில் குறைந்தது, எந்த ஊரில் குறையவில்லை என்று. முறையை மறுத்த ஊர்களில் வெறுமை கூடுதலா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வடமராட்சியாள் தங்கை சொன்ன பழக்கத்தின் கதைக்கும் அது ஒரு சோதனை.

எல்லை மாறியதால் கென்னபெக் ஊர்களைத் தள்ளிவிட்டுத்தான் செய்யவேண்டும். ஏரிக்கரையான், உங்கள் ஊர்வாரிப் பட்டியலை அனுப்பினால் இந்த வார இறுதியில் தொடங்குகிறேன்.

---

ஏரிக்கரையான் எழுதியது:

இன்றிரவே அனுப்புகிறேன். ஊர்ப் பெயர்களில் சிலவற்றை ஓராண்டுக் கோப்பில் சுருக்கியும் மற்றோராண்டில் விரித்தும் எழுதியிருக்கிறார்கள், பொருத்திப் பார்த்தே கண் பூத்துவிட்டது. அதற்கு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பேர்வழி ஐயாவுக்கு ஒரு செய்தி. கோல்டன் 2026இல் மறுபடி நிற்கவில்லை என்று அறிவித்துவிட்டார். அந்த இடத்துக்குக் குடியரசுக் கட்சிப் பக்கம் இறங்கியிருப்பவர் பால் லெபாஜ். ஆளுநர் தேர்தலில் அவர் ஒருபோதும் எதிர்கொள்ளாத கட்டம் கட்டமான தாளை அந்தத் தொகுதி அவர் பெயரோடு இனித்தான் பார்க்கப்போகிறது.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

அவர் சான்றிதழில் எழுதியதை யாராவது அப்போது நினைவூட்டுவார்கள். எனக்கும் அந்தப் பட்டியலை அனுப்புங்கள், அரூஸ்டுக் பகுதியை நான் சரிபார்க்கிறேன்.